எம்பவர்மென்ட்: அளிப்பதா, பெறுவதா?

சில ஆண்டுகளுக்கு முன் ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கான ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் 'மகளிர் அதிகாரமளித்தல் பயிற்சி முகாம்' என்று பெரிய பதாகை. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "நான் ஓட்டு வாங்கி ஜெயிச்சு வந்திருக்கேன். இப்ப மறுபடி யாரு சார் எனக்கு அதிகாரம் அளிக்கப் போறீங்க?" என்று கேட்டார். பயிற்றுநர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. அதன் பிறகு வந்த கையேடுகளிலும் அறிக்கைகளிலும் அதே 'அதிகாரமளித்தல்'தான்.

'எம்பவர்மென்ட்' (empowerment) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் தமிழில் இப்படி எழுதுகிறார்கள். அந்த மூலச்சொல்லில் இருக்கும் 'பவர்', இயலுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'எம்பவர்' என்றால் ஒருவருக்குச் சட்டப்படி அதிகாரம் தருவது. இந்தப் பழைய பொருளுக்கு அதிகாரமளித்தல் அச்சாகப் பொருந்தும். அரசமைப்பின் பதினோராம் அட்டவணையில் உள்ள 29 பொருள்களில் எதையெல்லாம் ஊராட்சிகளுக்குக் கொடுப்பது என்று மாநிலம் சட்டம் போடுகிறதே, அது அதிகாரமளித்தல். அங்கே எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் 1970களிலும் 80களிலும் சமூகப் பணியாளர்களும் பெண்ணிய இயக்கங்களும் இந்தச் சொல்லை வேறு பொருளில் எடுத்துக்கொண்டார்கள். 1999இல் பொருளியல் அறிஞர் நைலா கபீர் தந்த விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. தன் வாழ்க்கையின் முக்கிய முடிவுகளை எடுக்க முடியாமல் தடுக்கப்பட்டிருந்தவர்கள், அப்படி முடிவெடுக்கும் திறனைப் பெறுவதுதான் எம்பவர்மென்ட் என்றார் அவர். இதில் கொடுப்பவர் என்று யாருமே இல்லை, கவனியுங்கள். மாறுகிறவர் அந்தப் பெண்தான்.

தவறான சொல்லால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஊராட்சிகளுக்கான அரசமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு என்றானது. தமிழ்நாட்டில் 2016இல் அது ஐம்பது சதவீதமாக உயர்ந்தது. சட்டப்படி அதிகாரம் கைக்கு வந்துவிட்டது, சரி. ஆனால் எத்தனை ஊர்களில் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருக்கிறார்? வடக்கே இதற்கு 'சர்பஞ்ச் பதி', அதாவது ஊராட்சித் தலைவியின் கணவர், என்றே பெயர் வந்துவிட்டது. இங்கே காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். தலைவர் பட்டியலினப் பெண்ணாகவும் துணைத்தலைவர் ஆதிக்கச் சாதிக்காரராகவும் இருக்கும் ஊரில், அந்த ஒரு கையெழுத்தை மறுத்தாலே குடிநீர்க் குழாய் வேலை நின்றுபோகும். கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள்தான் அந்தத் தண்ணீருக்குக் காத்திருக்கும். 'அதிகாரம் அளித்தாகிவிட்டது, ஆனால் எம்பவர்மென்ட் நடக்கவில்லை' என்ற நிலை இது. இதை 'அதிகாரம் அளித்தாகிவிட்டது, ஆனால் அதிகாரமளித்தல் நடக்கவில்லை' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்லவே முடியாது. சொல்ல முடியாததால் சட்டம் வந்த அன்றே வேலை முடிந்துவிட்டது போன்ற நினைப்பு வருகிறது. என் கோபமெல்லாம் இதில்தான்.

அதிகாரம் வடசொல் என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. சிலம்பின் பெயரிலேயே ஒட்டியிருக்கிற சொல் அது.

இலங்கைத் தமிழர்கள் 'வலுவூட்டல்' என்கிறார்கள். உள்ளூராட்சி மன்றங்களில் 25 சதவீதம் பெண்களுக்கு என்ற ஒதுக்கீட்டோடு 2018இல் அங்கே தேர்தல் நடந்தது. 'வல்' என்ற நம் வேர் திறமை, இயலுதல் இரண்டையும் சுமப்பது. வல்லவர், வல்லுநர், சொல்லவல்லார் எல்லாம் அதிலிருந்து வந்தவை. லத்தீன் வேரின் பொருளும் ஏறக்குறைய இதுவே. ஆகவே பாதி வழி சரியாக வந்துவிட்டார்கள். ஆனால் 'ஊட்டல்' இடிக்கிறது. ஊட்டுவது என்றால் ஊட்டுகிற கை ஒன்று வேண்டும், வாயைத் திறந்து காத்திருக்கும் பிள்ளை ஒன்று வேண்டும். இங்கும் பெண் வாங்கிக்கொள்பவராகவே நிற்கிறார்.

'மேம்பாடு' என்று போடுகிறவர்களும் உண்டு. அது வளர்ச்சிக்கான சொல். கடன், ஆடு, தையல் இயந்திரம் எல்லாம் அதில் அடங்கும். வறுமை ஒழிப்புக்கு அவை தேவைதான். ஆனால் ஆடு வாங்கிய பெண்ணைக் கிராம சபையில் பேச விடுகிறார்களா என்பது வேறு கேள்வி.

தமிழக அரசு தன் துறைக்கு ஆங்கிலத்தில் எம்பவர்மென்ட் என்று வைத்துவிட்டு, தமிழில் 'சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை' என்று பெயரிட்டது. ஒன்றிய அரசின் அமைச்சகம் தமிழில் 'சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல்' என்றே வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முன்னது எவ்வளவோ மேல். உரிமை அவளுடையது, யாரும் தானமாகத் தருவதல்ல. இருந்தாலும் உரிமைக்குத் தனியாக ஒரு சொல் வேண்டுமே. எம்பவர்மென்டுக்கும் அதையே வைத்துவிட்டால் உரிமை என்ற சொல் மங்கிப்போகும்.

என் தேர்வு 'வலுப்பெறுதல்'. புதிதாக ஆக்கியது அல்ல. வானிலைச் செய்தியில் தாழ்வு மண்டலம் வலுப்பெறுவதைத் தினமும் கேட்கிறோம். யாரும் ஊட்டாமல் கடலிலிருந்து தானே வலுவை எடுத்துக்கொள்வதை அந்த வினை காட்டுகிறது. 'மகளிர் அரசியலில் வலுப்பெறுதல்' என்று எழுதினால் எழுவாய் பெண்தான். 'அதிகாரம் வந்தும் அவர் இன்னும் வலுப்பெறவில்லை' என்று தயக்கமில்லாமல் எழுதலாம். அப்புறம், தடுப்பது யார் என்றும் கேட்கலாம்.

நம் மொழிபெயர்ப்பாளர்களில் பலர் கலைச்சொல் பட்டியலில் ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே இருப்பதை எடுத்து, எந்த வாக்கியம் என்று பாராமல் ஒட்டிவிடுகிறார்கள். கலெக்டருக்குத் தலைவரை நீக்க அதிகாரமளிக்கும் சட்டப்பிரிவுக்கும், அதே தலைவருக்கான பயிற்சிக்கும் ஒரே சொல் வந்து நிற்பது இப்படித்தான்.