ஒப்படைக்கக் கொண்டு போகாதீர்கள்

போன கிழமை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்தில் ஒரு விவசாயி மோட்டார் சைக்கிளில் பொலிஸ் நிலையத்துக்கு வந்து இறங்கியிருக்கிறார். அறுபது வயது தாண்டியவர். முன்னால் பெற்றோல் தாங்கிக்கு மேலே பேரப்பிள்ளை, பிள்ளையின் மடியில் உரப்பை. உரப்பைக்குள் இரண்டு கைக்குண்டுகள். பெரும்போகத்துக்கு உழுதபோது ட்ரக்டர் கலப்பையில் மாட்டி மேலே வந்தவை. கிறவல் ரோட்டில் குலுக்கிக் குலுக்கி அவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கிறார்.

அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "ஆயுதம் எண்டா ஒப்படைக்கத்தானே வேணும் மனே? பொலிசில குடுக்கத்தானே கொண்டு போன நான்?" என்றார். பொய்யில்லை. முழு நல்ல மனதோடு செய்த வேலை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தக் குண்டுகளின் படத்தைப் பிறகு பார்த்தேன். ஒன்றில் கிளிப், அதாவது லீவரைத் தடுத்து வைக்கிற ஊசி, இல்லை. லீவர் விடுபட்டால் குண்டு வெடிக்கும். லீவரைச் சைக்கிள் டியூப் றப்பரால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். யார், எப்போது கட்டினார்கள் என்று சொல்ல ஆளில்லை. றப்பர் காய்ந்து வெடித்து நூல் நூலாகப் போயிருந்தது. கடைசி ஒரு சுற்றுத்தான் லீவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு சுற்று, ஒன்பது வயதுப் பிள்ளையின் தொடைக்கு மேலே இருந்தபடி வந்திருக்கிறது.

நான் முதலில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் நிலத்தில் முழங்கால் ஊன்றி இருந்தவன். இப்போது ஊர் ஊராகப் போய் வெடிபொருள் அபாயம் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டும் சேர்த்து 16 வருடம். "எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்" என்ற கதையை எத்தனை தரம் கேட்டுவிட்டேன் என்று கணக்கில்லை. குண்டைச் சாரத்தில் முடிந்துகொண்டு வந்தவர் உண்டு, மீன் பெட்டியில் வைத்து வந்தவர் உண்டு. பாடசாலைப் புத்தகப் பையில் போட்டு ஆசிரியரிடம் கொண்டுபோன பிள்ளையும் உண்டு.

இந்த "ஒப்படைப்பு" என்ற சொல் எங்கள் மண்டைக்குள் எப்படி ஏறியது என்று யோசித்துப் பாருங்கள். 1987 யூலை 29 இல் இந்திய இலங்கை ஒப்பந்தம். சண்டை நின்று 72 மணித்தியாலத்துக்குள் இயக்கங்கள் ஆயுதம் கையளிக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஓகஸ்ட் 5 இல் பலாலியில் கையளிப்பு நடந்தது, படம் பிடித்தார்கள். ஒக்டோபரில் திரும்பவும் சண்டை, இந்த முறை ஒப்பந்தத்தோடு வந்த இந்தியப் படைக்கும் புலிகளுக்கும். இந்தியப் படை போகிற நேரத்தில் தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றை உருவாக்கி, பிடித்த பெடியன்களின் கையில் துவக்கைக் கொடுத்தார்கள். 1989 கடைசியில் அம்பாறையில் இந்தியப் படை விலக விலக, புலிகள் தமிழ்த் தேசிய இராணுவத்தின் முகாம்களைப் பிடித்தார்கள். துவக்கும் கை மாறியது. 1990 இல் சண்டை மூண்டபின் முஸ்லிம், சிங்கள ஊர்களில் ஊர்காவல் படை என்று அரசாங்கமே ஆயுதம் கொடுத்தது. 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கையில் 1.8 ஆம் பிரிவு, துணை ஆயுதக் குழுக்களிடமிருந்து 30 நாளுக்குள் ஆயுதத்தைக் களைய வேண்டும் என்றது. 2004 மார்ச்சில் கிழக்கில் புலிகள் இரண்டாகப் பிரிந்தார்கள், ஏப்ரலில் வெருகலில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான போராளிகளை, பிள்ளைகளையும் சேர்த்து, வீட்டுக்குப் போ என்று அனுப்பினார்கள். 2008 இல் மாகாண சபைத் தேர்தல் வந்தபோதும் பிரிந்து வந்தவர்களின் கட்சியிடம் ஆயுதம் இருந்தது. 2009 மார்ச்சில்தான் மட்டக்களப்பு நகரில் மேடை போட்டு அவர்கள் ஆயுதம் கையளித்தார்கள்.

ஒவ்வொரு தரமும் ஒரு மேடை, ஒரு மேசை, வரிசையாக அடுக்கிய துவக்குகள். அதைப் பேப்பரில் பார்த்துப் பார்த்து, ஆயுதம் என்றால் தூக்கிக்கொண்டுபோய் ஆளிடம் கொடுப்பதுதான் முறை என்று எங்கள் சனம் பழகிவிட்டது.

அந்த மேசைக்கு வந்தது ஒரு பங்கு. வராதது எங்கே போனது? ஒருவரை ஒருவர் நம்பாத நாட்டில் எவனாவது முழுவதையும் கொடுப்பானா? அரசாங்கம் கேட்டால், "மற்றவன் வைத்திருக்க நான் ஏன் கொடுக்க வேண்டும்" என்பான். அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1986 இல் டெலோ என்ற இயக்கத்தைப் புலிகள் அழித்ததைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே நல்லதை ஒளித்தார்கள், பழையதைக் கொடுத்தார்கள். பொலித்தீனில் சுற்றி, கிறீஸ் பூசி, பரலில் போட்டு வயல் வரம்பிலும் பனையடியிலும் பாழடைந்த கிணற்றிலும் இறக்கினார்கள். புதைத்தவனில் பாதிப்பேர் செத்துப் போனார்கள், மீதிப்பேர் வெளிநாட்டில். வரைபடம் கிடையாது. எனக்கு இந்த அரசியலில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தை இன்றைக்கு உழுகிறவர் நீங்கள் என்பதுதான் என் கவலை.

இனி, எனக்கு மிகக் கோபம் வருகிற வாய்பாட்டுக்கு வருகிறேன். "அது கறள் புடிச்சிட்டு, இனி என்ன வெடிக்கவா போகுது?"

கறள் எதைத் தின்னும்? இரும்பைத் தின்னும். கைக்குண்டில் மெல்லிய இரும்பு எது? கிளிப், லீவரைப் பிடிக்கிற காது, உள்ளே இருக்கிற சுருளைத் தடுத்து வைத்திருக்கிற பாகங்கள். அதாவது உங்களைக் காப்பாற்ற வைத்த பாகங்கள்தான் முதலில் உக்கும். வெடிமருந்து உக்காது. ரி.என்.ரி. என்கிற வெடிமருந்து தண்ணீரில் கரைந்து ஓடுகிற சாமான் இல்லை. வெளியே கறள் கூடக் கூட உள்ளே ஆபத்துக் குறைகிறது என்று நினைப்பது தலைகீழ்க் கணக்கு. டெட்டனேட்டருக்குள் ஈரம் போனால் சிலவேளை முன்னரைவிடக் கூச்சம் கூடும், தட்டினாலே போதும் என்ற நிலைக்கு வரும். மிதிவெடி பலதுக்கு வெளியே இரும்பே கிடையாது, பிளாஸ்டிக். அது கறள் பிடிக்கவே பிடிக்காது. புலிகள் செய்த ஜொனி மிதிவெடியின் மரப்பெட்டியைக் கறையான் தின்றிருக்கும், பெட்டிக்குள் இருந்தது அப்படியே கிடக்கும். முதலாம் உலகப் போர் முடிந்தது 1918 இல். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் விவசாயிகள் இன்றைக்கும் உழும்போது அந்தப் போரின் ஷெல்களை எடுக்கிறார்கள். நூறு வருடம் தாண்டிவிட்டது. எங்கள் சண்டைக்கு என்ன வயது?

தயவுசெய்து இந்த வாய்பாட்டைப் பிள்ளைகள் காதில் விழச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னதை நம்பித்தான் அது கல்லால் தட்டிப் பார்க்கும்.

அடுத்தது, "மட்டக்களப்பில்தான் கண்ணிவெடி முடிஞ்சுதே" என்பது. ஆம், 2017 இல் மாவட்டத்தைக் கண்ணிவெடி இல்லாத மாவட்டம் என்று அறிவித்தார்கள். அதற்காக உழைத்தவர்களில் நானும் ஒருவன், அந்த அறிவிப்பில் எனக்குப் பெருமை உண்டு. அதன் பொருள், தெரிந்த வெடிநிலங்களைத் தேடி முடித்தோம் என்பது. யாரோ இரவோடு இரவாகப் புதைத்த பரல் எந்தப் பதிவிலும் இல்லை. 2011 ஜனவரி போல வெள்ளம் வந்தால் ஆற்றங்கரையில் இருந்தது வாய்க்காலுக்கு வரும். நேற்றுவரை நடந்த ஒற்றையடிப் பாதையில் இன்றைக்குக் கிடக்கும்.

பயமும் ஒரு காரணம், அதை நான் மறைக்கவில்லை. "என்ட காணிக்குள்ள எடுத்ததெண்டா என்னத்தான் விசாரிப்பாங்கள்" என்று ஒரு தாய் எனக்குச் சொன்னார். புருஷனை ஒருதரம் கூட்டிக்கொண்டு போனவர்களைக் கண்ட வீடு அது. அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? விசாரணை நடக்கும், எங்கே எப்போது கண்டீர்கள் என்று கேட்பார்கள். தனியாகப் போகப் பயமென்றால் கிராம சேவகரிடம் சொல்லுங்கள், கோயில் தலைவர், பள்ளித் தலைவர், அதிபர், யாராவது ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கண்ட இடத்திலேயே கிடக்கிற பொருள் உங்களுக்குச் சாட்சி. வீட்டுக்குக் கொண்டுவந்து கோடிக்குள் வைத்துவிட்டு மறுநாள் சொன்னால்தான் கேள்வி கூடும். பொலிசாரிடமும் ஒன்று கேட்கிறேன்: அறிவிக்க வந்தவரைக் கதிரையில் இருத்திப் பேசுங்கள். ஒருவரை வெருட்டினால் ஊரே வாய்மூடும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. கண்டால் நில்லுங்கள். தொடாதீர்கள், தடியால் கிண்டாதீர்கள், கல் எறியாதீர்கள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள். ட்ரக்டரை அந்த இடத்திலேயே விடுங்கள், கூலி போனால் போகட்டும். தூரத்தில் ஒரு மரத்தில் துணி கட்டுங்கள், பிள்ளைகளையும் மாட்டையும் மறியுங்கள். 119 க்கு எடுங்கள். பொலிஸ் வந்து பார்த்து, நீதிமன்ற உத்தரவு எடுத்து, குண்டு செயலிழக்கச் செய்கிறவர்கள் வருவார்கள். இரண்டு மூன்று நாள் ஆகலாம். பொறுங்கள்.

கிணறு இறைக்கும்போது வந்ததை வாவியில் எறிகிறவர்களே, அது நாளைக்கு ஒரு தோணிக்காரனின் வீச்சுவலையில் ஏறும். வளவுக்குள் குப்பைக்குத் தீ மூட்ட முன் அந்த இடத்தில் முன்னர் முகாம், சென்றி ஏதும் இருந்ததா என்று ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள். பழைய இரும்பு வாங்குகிறவர்கள், ஷெல் கோதைக் கிலோ விலைக்கு எடுப்பதை விடுங்கள். நீங்கள் வாங்குகிறபடியால்தான் பெடியன்கள் பொறுக்குகிறார்கள். புலிகளின் தங்கம் இருக்கிறது என்று இரவில் பெக்கோ கொண்டுபோய்த் தோண்டுகிறவர்களுக்கு எனக்குச் சொல்ல நல்ல வார்த்தை இல்லை. செத்தால் நீங்கள் மட்டும் சாகமாட்டீர்கள், பெக்கோ ஓட்ட வந்த கூலிக்காரனும் சாவான்.

அந்த ஐயாவின் வயலில் பிறகு தேடியபோது, கலப்பை பட்ட சாலில் ஒரு முழம் தள்ளி இன்னும் நான்கு கிடந்தன. பொலித்தீன் கிழிந்து, சேற்றோடு ஒட்டியபடி. இப்போது சுற்றிவர நாடா கட்டியிருக்கிறது. முளை கட்டிய விதைநெல் சாக்கில் கிடக்கிறது, பக்கத்து வயல்காரர் தன் வட்டையில் ஒரு துண்டில் விதைக்க இடம் கொடுத்திருக்கிறார். பேரன் நான்காம் வகுப்பு. திங்கட்கிழமை அவனுடைய பாடசாலையில் எனக்கு வகுப்பு இருக்கிறது. அன்றைக்கு அம்மம்மாமாரையும் அப்பப்பாமாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அதிபரிடம் கேட்டிருக்கிறேன்.