விழுங்கும்போது மூச்சுப் பாதை எப்படிக் காக்கப்படுகிறது?

மனிதத் தொண்டையின் அமைப்பில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. மூச்சுக்காற்று மூக்கின் பின்புறமாக இறங்கி, கழுத்தின் முன்பக்கம் இருக்கும் குரல்வளைக்குள் நுழைகிறது. உணவோ முன்பக்கம் இருக்கும் வாயிலிருந்து புறப்பட்டு, குரல்வளைக்குப் பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டு பாதைகளும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொள்கின்றன. ஆகவே ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் உடல் முதலில் மூச்சுப் பாதையை அடைக்க வேண்டும். உணவை இறக்குவது அதற்கு அடுத்த வேலைதான். இந்த வரிசை பிடிபட்டால், விழுங்கற்கோளாறு பற்றி மருத்துவர்கள் பயன்படுத்தும் சொற்களும், பக்கவாதம் வந்த ஒருவருக்கு வீட்டில் உணவூட்டுபவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

தொண்டை என்பது மண்டையோட்டின் அடியிலிருந்து கழுத்தின் ஆறாவது முள்ளெலும்பு வரை இறங்கும், ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். மூக்குக்குப் பின்னால் உள்ள பகுதி, வாய்க்குப் பின்னால் உள்ள பகுதி, குரல்வளைக்குப் பின்னால் உள்ள பகுதி என்று அதை மூன்றாகப் பிரிப்பார்கள். நாக்கின் அடிப்பகுதிக்கும், இலை வடிவிலான குரல்வளை மூடிக்கும் இடையில் வாலெக்குலா எனப்படும் சிறு பள்ளங்கள் இரண்டு உள்ளன. குரல்வளையின் இரு பக்கங்களிலும் பைரிஃபார்ம் பள்ளங்கள் உள்ளன. நலமாக இருப்பவருக்கு இந்தப் பள்ளங்கள் இருப்பதே தெரியாது. விழுங்கும் தசைகள் தளர்ந்தவருக்கோ உணவின் மிச்சம் இங்கேதான் தேங்குகிறது. விழுங்கி முடித்து மூச்சை இழுக்கும்போது அந்த மிச்சம் குரல்வளைக்குள் வழிகிறது. நாக்குக்கு அடியில் குதிரைலாட வடிவில் நாவடி எலும்பு இருக்கிறது. வேறெந்த எலும்போடும் மூட்டாக இணையாமல், தசைகளாலும் தசைநார்களாலும் மட்டுமே தாங்கப்பட்டு நிற்கும் எலும்பு அது. அதன் பங்கு எவ்வளவு பெரியது என்பதைச் சற்றுப் பின்னர் பார்க்கலாம்.

விழுங்குதலை வாய், தொண்டை, உணவுக்குழாய் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பிரெஞ்சு உடலியலாளர் ஃபிரான்சுவா மஜாந்தி காலத்திலிருந்து வருகிறது. இன்று முதற்கட்டத்தை மெல்லுதல், பின்னோக்கித் தள்ளுதல் என்று இரண்டாக்கி நான்காகச் சொல்பவர்களே அதிகம். மெல்லும்போது உணவு உமிழ்நீரோடு குழைந்து ஒரு கவளமாகத் திரள்கிறது. உதடுகள் மூடி முன்பக்கத்தை அடைக்கின்றன; கன்னத் தசைகள், உணவு பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையில் ஒதுங்காமல் தடுக்கின்றன; நாக்கு அண்ணத்தில் முன்னிருந்து பின்னாக அழுந்தி, கவளத்தைத் தொண்டைக்குள் செலுத்துகிறது. இதுவரை எல்லாம் நம் விருப்பத்துக்கு உட்பட்டது. பிடிக்கவில்லை என்றால் துப்பிவிடலாம். கவளம் தொண்டையைத் தொட்டுவிட்டால் கட்டுப்பாடு நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

தொண்டைக் கட்டம் முடிய ஏறத்தாழ ஒரு நொடிதான் ஆகிறது. அதற்குள் நடப்பவற்றை விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. மென்னண்ணம் மேலெழுந்து மூக்கின் பின்வாயிலை மூடுகிறது. இது சரியாக மூடாதவர்களுக்குக் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரும். மூச்சு அந்தக் கணத்துக்கு நின்றுவிடுகிறது. குரல்நாண்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. அவற்றுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களும் நெருங்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே குரல்வளை மூடி பின்னோக்கிச் சாய்ந்து வாயிலை மறைக்கிறது. ஆக, மூச்சுப் பாதைக்கு மூன்று அடுக்குக் காவல் இருக்கிறது. குரல்வளை மூடி மட்டுமே உணவைத் தடுக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் மிக உறுதியான தடுப்பு குரல்நாண்களின் சேர்க்கைதான். விழுங்கி முடிந்ததும் பெரும்பாலான வேளைகளில் நாம் மூச்சை உள்ளே இழுப்பதில்லை, வெளியே விடுகிறோம். வாயிலருகே ஒரு துளி மிஞ்சியிருந்தாலும் அந்தக் காற்று அதை மேலே தள்ளிவிடும்.

கழுத்தின் முன்புறம் துருத்தி நிற்கும் குரல்வளைக் குருத்தெலும்பின் மேல் ஒரு விரலை மெதுவாக வைத்துக்கொண்டு உமிழ்நீரை விழுங்கிப் பாருங்கள். அது மேலேறி விரலைக் கடந்து மறுபடியும் இறங்கும். இந்த அசைவை நடத்துவது நாவடி எலும்புதான். தாடைக்கு அடியில் உள்ள தசைகள் அந்த எலும்பை மேலும் முன்னுமாக இழுக்க, அதோடு பிணைந்த குரல்வளையும் நாக்கின் அடிவாரத்துக்குக் கீழே போய் ஒதுங்கிக்கொள்கிறது. அதே இழுப்பு இன்னொரு வேலையையும் செய்கிறது. உணவுக்குழாயின் மேல்வாயிலில் உள்ள சுருக்குத்தசை எப்போதும் இறுகியே இருக்கும். நரம்புக் கட்டளையால் அது தளர்ந்தாலும் தானாக விரிந்து திறப்பதில்லை. குரல்வளை முன்னோக்கி இழுபடும்போதுதான் அந்த வாயில் இழுத்துத் திறக்கப்படுகிறது. வரும் கவளத்தின் அழுத்தம் அதை மேலும் விரிக்கிறது. மூச்சுப் பாதையை ஒதுக்கும் அசைவும் உணவுப் பாதையைத் திறக்கும் அசைவும் ஒன்றே என்பது இந்த அமைப்பின் ஆகச் சிறந்த நுட்பம் என்று சொல்வேன். அதே காரணத்தால், அந்த ஓர் அசைவு பலவீனமானால் இரண்டு பாதைகளுக்கும் ஒரே நேரத்தில் தீங்கு நேர்கிறது.

இத்தனையையும் ஒழுங்குபடுத்துவது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளம். முகத்திலிருந்தும் நாவிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வரும் உணர்வுகளைப் பெற்று, எந்தத் தசை எந்த வரிசையில் சுருங்க வேண்டும் என்ற கட்டளையை அங்குள்ள நரம்பணுக் கூட்டம் பிறப்பிக்கிறது. மண்டை நரம்புகளில் 5, 7, 9, 10, 12 ஆகியவை இந்தச் செய்திகளைச் சுமக்கின்றன. அவற்றுள் பத்தாவதான வேகஸ் நரம்பு, குரல்நாண்களையும் தொண்டைச் சுவரையும் உணவுக்குழாயையும் சேர்த்து ஆள்வதால், ஒருவருடைய குரல் கம்மிப்போவதும் அவர் விழுங்கச் சிரமப்படுவதும் பல நேரங்களில் ஒன்றாகவே வருகின்றன. முகுளத்தின் பக்கவாட்டில் இரத்த ஓட்டம் தடைபட்டால் உண்டாகும் வாலன்பெர்க் நோய்க்குறியில் கை கால்கள் பெரும்பாலும் இயங்கிக்கொண்டிருக்க, விழுங்கும் திறன் மட்டும் கடுமையாகக் கெட்டுவிடக்கூடும்.

மேல்வாயிலைக் கடந்த கவளம், சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாயில் அலைபோன்ற சுருக்கங்களால் கீழே தள்ளப்பட்டு, சில நொடிகளில் இரைப்பையை அடைகிறது. அடியில் உள்ள சுருக்குத்தசை உரிய நேரத்தில் தளர்ந்து வழிவிடுகிறது.

விழுங்கச் சிரமப்படுவதை மருத்துவம் டிஸ்ஃபேஜியா என்கிறது. விழுங்கும்போது வலி ஏற்படுவது ஒடினோஃபேஜியா, அது வேறு. எதையும் விழுங்காத நேரத்திலும் தொண்டையில் உருண்டை நிற்பது போன்ற உணர்வு குளோபஸ். அது பெரும்பாலும் சாப்பிடும்போது குறைந்துவிடும். மூன்றையும் நோயாளிகள் "சாப்பாடு இறங்க மாட்டேங்குது" என்று ஒரே விதமாகச் சொல்லக்கூடும் என்பதால், அனுபவமுள்ள மருத்துவர் அடுத்தடுத்துக் கேள்விகள் கேட்பார். கெட்டியான உணவு மட்டும் சிக்குகிறதா, தண்ணீருமா? கெட்டியான உணவில் தொடங்கி, நாளடைவில் குழைந்த சோறும், பிறகு தண்ணீரும் இறங்காமல் போனால், உணவுக்குழாய் படிப்படியாகக் குறுகுகிறது என்று பொருள். புற்றுநோய் இல்லை என்பதை எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் சோதனை) வழியே தாமதமின்றி உறுதிசெய்தாக வேண்டும். தொடக்கம் முதலே இரண்டும் சிக்கினால், குழாயின் அசைவில் கோளாறு இருக்கக்கூடும். எந்த இடத்தில் சிக்குகிறது என்று நோயாளி காட்டும் விரலை முழுதாக நம்ப முடியாது. மார்பின் அடிப்பகுதியில் உள்ள அடைப்பும் கழுத்தில் இருப்பது போலத் தோன்றும்.

அசைவுக் கோளாறுகளில் நன்கு அறியப்பட்டது அக்கலேசியா. உணவுக்குழாய்ச் சுவரில் உள்ள நரம்பணுக்கள் அழிவதால் அதன் அலைகள் மங்கிவிடுகின்றன. அடிவாயிலும் தளராமல் இறுகிக்கிடக்கிறது. 1674இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், திமிங்கில எலும்பின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, உணவைக் கீழே தள்ளும் ஒரு கோலை இத்தகைய நோயாளி ஒருவருக்குச் செய்துகொடுத்தார். அந்த மனிதர் பல ஆண்டுகள் அதைக் கொண்டே உண்டு வாழ்ந்தார். 1913இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்தச் சுருக்குத்தசையைக் கீறி விடுவித்தார். 2008இல் ஜப்பானின் ஹருஹிரோ இனோவே, வயிற்றைத் திறக்காமல் வாய் வழியாகச் செலுத்திய எண்டோஸ்கோப்பாலேயே அதைச் செய்து காட்டினார்.

வாயிலும் தொண்டையிலும் எழும் கோளாறுகளின் தன்மை வேறு. பக்கவாதம், பார்க்கின்சன் நோய், இயக்க நரம்பணு நோய், தலை–கழுத்துப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு, முற்றிய மறதி நோய் ஆகியவை இவற்றின் முக்கியக் காரணங்கள். பக்கவாதம் வந்த தொடக்க நாட்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கிறது. அவர்களில் பலர் சில வாரங்களில் மீண்டுவிடுகிறார்கள். இங்கே கெட்டியான உணவைவிடத் தண்ணீர்தான் பெரும்பாலும் ஆபத்தானது. அது வேகமாக ஓடுவதால், குரல்வளை மூடுவதற்கு முன்பே தொண்டைக்குள் விழுந்துவிடுகிறது.

உணவோ நீரோ குரல்வளைக்குள் நுழைந்து குரல்நாண்களுக்கு மேலேயே நின்றால் அது ஊடுருவல். குரல்நாண்களைக் கடந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் அது ஆஸ்பிரேஷன். 1996இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட எட்டுப் படி அளவுகோல் ஒன்று இவற்றைத் தரம்பிரிக்கிறது. அதில் மிக மோசமான எட்டாம் படி, உள்ளே போன உணவின் அளவைக் குறிப்பதில்லை. உணவு குரல்நாண்களுக்குக் கீழே போன பிறகும் அதை வெளியேற்ற உடல் எந்த முயற்சியும் செய்யாத நிலையைக் குறிக்கிறது. அதாவது, இருமல்கூட எழவில்லை. நலமான தொண்டைக்குள் ஒரு துளி தவறிப் போனாலும் கண்ணில் நீர் வரும் அளவுக்கு இருமல் எழும். அந்த இருமலே பாதுகாப்பு. தொண்டையின் உணர்வு மழுங்கியவருக்கு ஒவ்வொரு வாயும் நுரையீரலுக்குள் கசிந்தாலும் முகத்தில் ஓர் அசைவும் தெரியாது. இதை மௌன ஆஸ்பிரேஷன் என்கிறார்கள். "இருமவே இல்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறார்" என்ற சொல்லை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. சாப்பிட்ட பின் குரலில் கேட்கும் ஈரமான களகளப்பு, காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலும் சளியும், மெலிந்துகொண்டே போகும் உடல், ஒரு வேளை உணவுக்கு ஆகும் நீண்ட நேரம் ஆகியவைதான் வீட்டார் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

90 மில்லிலிட்டர் தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் செய்து, இருமலையும் குரல் மாற்றத்தையும் கவனிப்பது எளிய முதற்சோதனை. மௌன ஆஸ்பிரேஷனைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டுமானால் இரண்டு வழிகள் உள்ளன. எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து, எக்ஸ்ரே அசைபடமாகப் பதிவுசெய்வது ஒன்று. இதை ஒழுங்குபட்ட ஆய்வு முறையாக வளர்த்ததில் அமெரிக்கப் பேச்சு நோயியலாளர் ஜெரி லோகமனின் பங்கு பெரிது. மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்ப்பது மற்றொன்று. 1988இல் சூசன் லாங்மோரும் அவருடைய குழுவினரும் அதை வெளியிட்டனர். இதில் விழுங்கும் கணத்தில் மட்டும் திரை முழுவதும் வெளுத்துவிடும், ஏனெனில் தொண்டைச் சுவர் கேமராவின் மேலேயே கவிந்துகொள்கிறது. விழுங்குவதற்கு முன் வழிந்ததையும் விழுங்கிய பின் தேங்கியதையும் கொண்டே மருத்துவர் முடிவுக்கு வருவார்.

சிகிச்சையில் உடலின் நிலைக்கு நிறைய இடமுண்டு. தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்கினால் குரல்வளையின் வாயில் குறுகும். ஒரு பக்கம் வலுவிழந்தவர் அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பி விழுங்கினால் உணவு வலுவான பக்கத்தில் இறங்கும். உதடு படாமல் அண்ணாந்து குடிப்பது நம் வீடுகளில் நல்ல பழக்கம்தான். ஆனால் விழுங்கற்கோளாறு உள்ளவருக்கு அது சரியாக எதிர்மாறான நிலை. கழுத்து பின்னால் சாயும்போது தண்ணீர் கட்டுப்பாடின்றி விழும், குரல்வளையும் திறந்து நிற்கும். அவருக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்வதே சரி. நீர்த்த ரசத்தில் மிதக்கும் சோறும் எதிர்பாராத ஆபத்து. அவர் சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்குள் இறங்கிவிடும்.

திரவத்தைக் கெட்டியாக்கினால் அது மெதுவாக நகர்ந்து, குரல்வளை மூடுவதற்கு நேரம் தருகிறது. எவ்வளவு கெட்டி என்பதை ஊர்தோறும் வெவ்வேறாகச் சொல்லாமல் இருக்க, இட்சி எனப்படும் பன்னாட்டு முறை 0 முதல் 7 வரை படிகளை வகுத்திருக்கிறது. 10 மில்லிலிட்டர் சிரிஞ்சில் திரவத்தை நிரப்பி, 10 நொடிகள் ஒழுகவிட்டு, மிஞ்சுவதை அளக்க வேண்டும். 1 மில்லிலிட்டருக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீரின் படி. 4 முதல் 8 வரை மிஞ்சினால் இரண்டாம் படி. வடித்த கஞ்சியையும் கேழ்வரகுக் கூழையும் இதே முறையில் அளந்துவிடலாம். ஆனால் மிகவும் கெட்டியாக்கினால் தொண்டைப் பள்ளங்களில் மிச்சம் தேங்கும். பிடிக்காமல் நோயாளி குறைவாகக் குடிப்பதால் நீரிழப்பும் நேரும். எனவே எந்தப் படி என்பதைப் பரிசோதனைக்குப் பிறகு பேச்சு–விழுங்கல் சிகிச்சையாளரே சொல்ல வேண்டும்.

வாயால் உண்பது பாதுகாப்பில்லை என்றானால் மூக்கு வழியாக இரைப்பை வரை செல்லும் ரைல்ஸ் டியூப் என்ற மெல்லிய குழாயைப் போடுவார்கள். குழாய் போட்டுவிட்டால் புரை ஏறாது என்பது தவறான நம்பிக்கை. உமிழ்நீர் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. இரைப்பையிலிருந்து உணவு மேலேறி வரவும் கூடும். நுரையீரலில் நோயை உண்டாக்குவது பெரும்பாலும் அழுக்கு வாயில் பெருகும் கிருமிகளே. ஜப்பானிய முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வுகளில், பற்களையும் வாயையும் ஒழுங்காகச் சுத்தம் செய்தவர்களிடையே நிமோனியா குறைவாக வந்தது. ஆகவே வாயால் எதுவும் உண்ணாதவருக்கும் நாள்தோறும் வாயைத் துடைத்துவிட வேண்டும். குழாயில் உணவு செலுத்தும்போதும் அதற்குப் பின் சற்று நேரமும் தலைப்பக்கத்தை 30 பாகைக்குக் குறையாமல் உயர்த்தி வைக்க வேண்டும்.