முடிச்சின் சூட்சுமம் முனையில் இருக்கிறது

ஒழுங்காகச் சுருட்டிப் பையில் போட்ட இயர்போன் வயர், வெளியே எடுக்கும்போது முடிச்சு விழுந்து சிக்காகக் கிடக்கிறது. பாட்டுக் கேட்டபடி ஓடலாம் என்று இறுக்கிக் கட்டிய ஷூ லேஸோ, பாதி ஓட்டத்தில் அவிழ்ந்து காலடியில் மிதிபடுகிறது. யாரும் போடாத முடிச்சு ஒன்று தானாக விழுகிறது. பார்த்துப் பார்த்துப் போட்ட முடிச்சு ஒன்று தானாக அவிழ்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பேசுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றுதான்: எந்த நோக்கமும் இல்லாத குலுக்கல். அந்தக் குலுக்கல் கட்டப்போகிறதா, அவிழ்க்கப்போகிறதா என்பது கயிற்றின் முனை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பொறுத்தது.

முனைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதைக் கணிதம் ஒரே வரியில் சொல்லிவிடும். இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிய ஒரு கயிற்றை எப்படி முறுக்கினாலும், மடித்தாலும், பந்தாகச் சுருட்டினாலும், அறுக்காமல் அதில் உண்மையான முடிச்சு ஒன்றைக்கூடப் போட முடியாது. அதேபோல, முடிச்சுப் போட்ட பிறகு முனைகளை ஒட்டிவிட்டால், அறுக்காமல் அதை அவிழ்க்கவும் முடியாது. ஆக, புதிதாக ஒரு முடிச்சு விழ வேண்டுமானால் எங்கோ ஒரு முனை இன்னோர் இழையைத் தாண்டி அல்லது அதற்கு அடியில் புகுந்து வெளியே வந்திருக்க வேண்டும். கயிற்றின் நடுப்பகுதி எவ்வளவு ஆட்டம் போட்டாலும், அது சிக்கலைப் பெரிதாக்குமே தவிர முடிச்சை உண்டாக்காது.

முடிச்சு விழுவது முனையின் வேலை என்றால், விழுந்த முடிச்சு நிற்பது உராய்வின் வேலை. கப்பலைக் கரையில் கட்டுகிறவர்கள் தடித்த வடத்தை ஒரு குட்டைத் தூணில் சில சுற்றுகள் சுற்றிவிட்டு, மறுபக்கத்தை ஒரே ஆள் பிடித்துக்கொள்ளும்படி விடுவதுண்டு. 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் லியோனார்ட் ஆய்லர் இதன் கணக்கை எழுதினார். கயிறு தூணைச் சுற்றும் கோணம் கூடக் கூட, பிடிமானம் கூட்டல் கணக்கில் வளராமல் பெருக்கல் கணக்கில் வளர்கிறது. உராய்வுக் கெழு, அதாவது கயிறும் தூணும் ஒன்றையொன்று எவ்வளவு பற்றுகின்றன என்பதைக் காட்டும் எண், 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்று நம் பிடியை ஏறத்தாழ 6.6 மடங்காக்கும், இரண்டு சுற்றுகள் 43 மடங்கு, மூன்று சுற்றுகள் 286 மடங்கு. தூண் தடிமனா, மெலிதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. முடிச்சுக்குள் தூண் கிடையாது. ஆனால் கயிறு தன்னையே தூணாக வைத்துச் சுற்றிக்கொள்கிறது. இழுக்க இழுக்க இழைகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன, அழுத்தம் கூடக் கூட உராய்வு கூடுகிறது. இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். இழுவிசை ஒரு கணம் தளர்ந்தால் அழுத்தமும் தளரும். அந்தக் கணத்தில் முடிச்சு என்பது வெறும் வளைந்த கயிறுதான்.

ஓடுகிறவரின் காலில் நடப்பது இதுவே. 2017இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் டெய்லி-டயமண்ட், கிறிஸ்டின் கிரெக், ஆலிவர் ஓ'ரைலி ஆகிய மூவர் ஷூ லேஸ் அவிழ்வதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கேட்பவர்கள் சிரிக்கலாம், ஆனால் இயந்திரவியலில் நன்றாக விடை தெரியாமல் இருந்த கேள்வி அது. கிரெக் ட்ரெட்மில்லில் ஓட, நொடிக்கு 900 படங்கள் எடுக்கும் கேமரா அவருடைய ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தது. படங்களில் நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முடிச்சு சற்றே தளர்ந்தது. அதன் பின் சில அடிகளுக்குள் முழுவதுமாக அவிழ்ந்து போனது.

இரண்டு விசைகள் கூட்டுச் சேர்ந்து இதைச் செய்கின்றன. பாதம் தரையில் மோதும்போது ஷூ அனுபவிக்கும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 7 மடங்கு. ஒவ்வொரு மோதலும் முடிச்சின் மையத்தை நீட்டித் தளர்த்துகிறது. இழைகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும் பிடி அந்த நொடியில் நழுவுகிறது. அடுத்து, கால் முன்னும் பின்னும் வீசப்படுகிறது. முடிச்சு ஷூவோடு சேர்ந்து நகர்ந்தாலும், தொங்கிக்கொண்டிருக்கும் முனைகளும் வளையங்களும் நிலைமத்தின் காரணமாகச் சாட்டையைப் போல் வெளிப்பக்கம் விசிறி அடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று முனையைப் பிடித்து இழுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. இரண்டில் ஒன்று மட்டும் போதாது என்பதுதான் இதில் சுவையான செய்தி. நாற்காலியில் உட்கார்ந்து காலை மட்டும் வெகுநேரம் ஆட்டினாலும் லேஸ் அவிழவில்லை. நின்ற இடத்திலேயே காலைத் தரையில் ஓங்கி ஓங்கி மிதித்தாலும் அவிழவில்லை. மோதல் பிடியைத் தளர்த்த வேண்டும், தளர்ந்த அந்த வேளையில் வீச்சு முனையை இழுக்க வேண்டும்.

ஷூ லேஸை நாம் கட்டும் முறையே இந்தச் சதிக்குத் துணை போகிறது. இரு காதுகளை விட்டுக் கட்டும்போது நாம் முனைகளை முழுவதுமாக உள்ளே நுழைத்து வெளியே எடுப்பதில்லை. லேஸை மடித்து வளையமாக்கி, அந்த மடிப்பை மட்டுமே நுழைக்கிறோம். வேண்டும்போது ஒரே இழுப்பில் அவிழ வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வேண்டாதபோது அவிழ்வதும் அதே வழியில்தான். முனைப் பக்கத்து இழுப்பு வளையப் பக்கத்து இழுப்பைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால், ஒவ்வோர் அடிக்கும் லேஸ் ஓர் இழை அளவு முனைப் பக்கம் நகரும். முனை நீள நீள அதன் எடை கூடுகிறது, எடை கூடக் கூட அடுத்த வீச்சில் அது இழுக்கும் விசையும் கூடுகிறது. நெடுநேரம் அசையாமல் இருந்த முடிச்சு திடீரென்று பொலபொலவென்று அவிழ்வதற்குக் காரணம் இந்தப் பின்னூட்டமே. முனைகளில் சிறு எடைகளைச் சேர்த்துப் பார்த்தபோது முடிச்சு மேலும் அடிக்கடி அவிழ்ந்தது என்பது இதற்குச் சான்று. ஓடுகிறவர் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடிகள் எடுத்து வைப்பதாகக் கொண்டால், அரை மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 2,400 முதல் 2,700 முறை தரையில் மோதுகிறது. அத்தனை வாய்ப்புகளில் தளர்வு ஒரே ஒரு முறை தொடங்கினால் போதும்.

இதில் நம் கையில் உள்ளது ஒன்று உண்டு. ஷூவில் போடும் முடிச்சில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன: முதலில் இரு முனைகளையும் மாற்றிப் போட்டு இழுக்கும் பின்னல், அதன் மேல் காதுகளை விட்டுக் கட்டும் பின்னல். முதலாவதில் வலது முனை மேலே போயிருந்தால், இரண்டாவதில் இடது பக்கம் மேலே போக வேண்டும். இரண்டிலும் ஒரே பக்கம் மேலே போனால், பார்வைக்கு ஏறக்குறைய அதே போலத் தெரியும் வலுவற்ற முடிச்சுதான் கிடைக்கும். கண்டுபிடிப்பது எளிது. நல்ல முடிச்சின் காதுகள் ஷூவுக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருக்கும். தவறான முடிச்சின் காதுகள் திரும்பிக்கொண்டு, ஒன்று விரல் பக்கமும் மற்றொன்று கணுக்கால் பக்கமும் பார்க்கும். திருத்த, முதல் பின்னலை மட்டும் எதிர்ப்பக்கமாகப் போட்டால் போதும்; கை பழகிய இரண்டாவது பின்னலைத் தொடவே வேண்டாம்.

ஒரே கயிறு, ஒரே எண்ணிக்கையில் குறுக்கீடுகள் (ஓர் இழை இன்னோர் இழையைத் தாண்டும் இடங்கள்), பிறகு ஏன் இவ்வளவு வேறுபாடு என்பதற்கு மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2020இல் நல்ல விளக்கம் தந்தார்கள். இழுவிசைக்கு ஏற்ப நிறம் மாறும் இழைகளால் முடிச்சுகளைப் போட்டு, எந்த இடத்தில் அழுத்தம் சேர்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். முடிச்சை இறுக்கும்போது ஒவ்வொரு குறுக்கீட்டிலும் இழை தன்னைத்தானே சற்றுத் திருகிக்கொள்கிறது. அடுத்தடுத்த குறுக்கீடுகளில் அந்தத் திருகல் எதிரெதிர்த் திசையில் இருந்தால், ஒன்று மற்றொன்றைத் தடுத்துப் பூட்டிவிடும். ஒரே திசையில் இருந்தால் இழை முழுவதுமாக உருண்டு நழுவும். நல்ல முடிச்சில் முதல் வகைத் திருகல் அதிகம். ஷூவில் காதுகள் திரும்பிக்கொள்வதற்கும் காரணம் இந்த உருளல்தான் என்று தோன்றுகிறது.

இனி பைக்குள் கிடக்கும் வயருக்கு வருவோம். 2007இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் ஆகிய இருவரும் ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டு, நொடிக்கு ஒரு சுற்று வீதம் 10 முறை சுழற்றினார்கள். பிறகு முனைகளை மேலே தூக்கி இணைத்து, என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்தார்கள். இதை 3,415 முறை செய்தார்கள். விழுந்த முடிச்சுகளை வகைப்படுத்தக் கண் போதாது. கணிதவியலாளர் வான் ஜோன்ஸ் 1984இல் கண்டுபிடித்த, முடிச்சு வகைகளைப் பிரித்துக் காட்ட உதவும் ஒரு பல்லுறுப்புக் கோவையைக் கணினியில் கணக்கிட்டு, 120 வெவ்வேறு வகை முடிச்சுகளை அடையாளம் கண்டார்கள். 7 குறுக்கீடுகள் வரை கணிதத்தில் சாத்தியமான 14 அடிப்படை முடிச்சுகளும் (எளிய முடிச்சுகளாகப் பிரிக்க முடியாதவை) அந்தப் பெட்டிக்குள் விழுந்திருந்தன. ஒரு சில நொடிகளில், யாருடைய கையும் படாமல்! அடுத்த ஆண்டு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

அவர்கள் கண்டவற்றில் இயர்போன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது நீளம் பற்றிய கணக்கு. அவர்கள் பயன்படுத்திய கயிற்றில், 46 சென்டிமீட்டருக்குக் குறைந்த நீளத்தில் முடிச்சே விழவில்லை. அதற்கும் ஒன்றரை மீட்டருக்கும் இடையில் வாய்ப்பு செங்குத்தாக ஏறியது. அதற்கு மேல் ஏறத்தாழ 50 விழுக்காட்டில் நின்றுவிட்டது. வழக்கமான இயர்போன் வயரின் நீளம் 120 சென்டிமீட்டர் அளவில் இருப்பதால், அது இந்த ஏற்றத்தின் நடுவில் வந்து உட்காருகிறது. போதாக்குறைக்கு, அதற்கு மூன்று முனைகள்.

முடிச்சு விழும் விதத்துக்கு அவர்கள் தந்த விளக்கம் எளிமையானது. விறைப்புள்ள எந்த வயரும் சிறிய இடத்தில் அடைபட்டால் சுருள் சுருளாகப் படியும். அப்போது முனைப் பகுதி, பக்கத்தில் இருக்கும் சுருள்களுக்கு இணையாகக் கிடக்கும். குலுக்கும்போது முனை ஒரு சுருளுக்கு மேலே தாவலாம், அடுத்ததற்கு அடியில் புகலாம். எங்கே போகும் என்பதற்கு எந்த விதியும் இல்லை. இப்படி மேலும் கீழுமாகச் சில முறை போனாலே அது ஒரு பின்னல் ஆகிவிடுகிறது. இதே குலுக்கல் ஏற்கெனவே விழுந்த முடிச்சை அவிழ்க்கவும் செய்யலாம் அல்லவா என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் முனை சிக்கிக்கொள்வதற்குப் பல வழிகள் இருக்க, போன வழியே அச்சுப் பிசகாமல் திரும்பி வருவதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. எண்ணிக்கையே இங்கு தீர்ப்பு எழுதுகிறது. ஷூ லேஸுக்கு மட்டும் விதி வேறாக இருப்பதற்குக் காரணம், அதன் முனைக்கு அவிழும் வழி நாமே திறந்து வைத்ததாக இருப்பதும், கால் வீச்சு அதை எப்போதும் அந்தப் பக்கமே இழுப்பதும்தான்.

எவ்வளவு நீளமானாலும் முடிச்சு விழும் வாய்ப்பு ஏன் 100 விழுக்காட்டைத் தொடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளில் முடிச்சு இல்லாமல் இருப்பது ஏறக்குறைய நடக்காத காரியம் என்று 1960களிலேயே ஊகிக்கப்பட்டு, 1988இல் ஓர் எளிய கணித மாதிரியில் அது நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் அங்கே இழைக்கு வேண்டிய இடம் இருக்கிறது. பெட்டிக்குள் கயிறு நெருக்கியடித்துக் கிடந்தால் சுவர்களில் முட்டி நிற்கிறது, முனையால் நகர முடிவதில்லை. சிறிய பெட்டியிலும், விறைப்பான கயிற்றிலும் முடிச்சு குறைவாக விழுந்தது இதனால்தான். வயரை இறுக்கமான சிறு உறையில் திணித்து வைப்பதும், முனைகளை ஒரு கிளிப்பால் சேர்த்துப் பிடிப்பதும் பலன் தருவது இந்தக் காரணங்களால்தான். விழுந்த சிக்கைப் பிரிக்கும்போது இழுக்கவே கூடாது. ஆய்லரின் கணக்கு அங்கேயும் வேலை செய்து ஒவ்வோர் இழுப்பையும் பல மடங்கு இறுக்கமாக்கும். மையத்தைத் தளர்த்தி, முனையைத் தேடிப் பிடித்து, வந்த வழியே அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

முனையே இல்லாத இழையில் சிக்கு விழுந்தால் என்ன செய்வது? பாக்டீரியாக்களுக்கு இந்தச் சிக்கல் நிஜமாகவே இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றின் டிஎன்ஏ மூடிய வளையம். ஒரு செல் இரண்டாகும் முன் அந்த வளையம் படியெடுக்கப்படும்போது, கிடைக்கும் இரண்டு வளையங்களும் சங்கிலிக் கண்ணிகளாக ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன. டோப்போஐசோமரேஸ் எனப்படும் நொதிகள் இதைத் தீர்க்கின்றன. இவ்வகையில் முதலாவதை உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் வாங் 1971இல் கண்டுபிடித்தார். இவற்றில் ஒரு வகை, டிஎன்ஏவின் இரு இழைகளையும் வெட்டி, வெட்டிய முனைகளை விடாமல் பிடித்துக்கொண்டு, அந்த இடைவெளி வழியே இன்னொரு டிஎன்ஏவைக் கடத்திவிட்டு, பழையபடி ஒட்டிவிடுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் தாக்குவது இந்த இடத்தைத்தான்: நொதி வெட்டும் வரை பேசாமல் இருந்துவிட்டு, முனைகளைத் திரும்ப ஒட்டவிடாமல் தடுத்துவிடுகின்றன.