உள்ளங்கால் எரிச்சலும் ஒரு குட்டித் தொரட்டியும்

தக்கலைப் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, ராத்திரி படுத்தா உள்ளங்கால் தீயா எரியுது, பக்கத்து வீட்டுல விட்டமின் பி5 மாத்திரை போடச் சொல்லுறாங்க, மாமியார் தகடு எழுதிக் கட்டணும்ங்காங்க, எதைக் கேக்கன்னு.

தகட்டை விடுங்க அக்கா. பி5 பேச்சு ஆனா சும்மா கிளம்புனது இல்ல. ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரங்ககிட்ட கைதியா இருந்து அரைப்பட்டினி கிடந்தவங்களுக்கு இதே மாதிரி கால் எரிஞ்சிருக்கு. 1946-ல குன்னூர் ஆய்வுக்கூடத்துல இருந்த நம்ம சேலத்துக்காரர் சி. கோபாலன், கால் எரியுதுன்னு வந்தவங்களுக்கு கால்சியம் பாண்டோதெனேட், அதாவது பி5-ஐயே மருந்தா குடுத்துப் பாத்தாரு, எரிச்சல் குறைஞ்சுது. பி5-ஓட முழுப்பேரு பாண்டோதெனிக் ஆசிட். 1933-ல ரோஜர் வில்லியம்ஸ் கண்டுபிடிச்சு வச்ச பேரு, கிரேக்கத்துல 'எல்லாப் பக்கத்துல இருந்தும்'னு அர்த்தம், ஏன்னா எதைத் தின்னாலும் கொஞ்சம் இருக்கும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம் போதும். ஒரு முட்டையில முக்கால் மில்லிகிராம் கிட்ட, ஒரு கப் பால்ல ஒண்ணு கிட்ட வந்துடும். மரச்சீனியில பெருசா ஒண்ணும் கிடையாது, கூட வைக்கிற சாளைக் கறிதான் காப்பாத்துது. அரிசியைத் தீட்டத் தீட்ட தவிட்டோட கொஞ்சம் போயிடும், கஞ்சித்தண்ணியை வடிச்சுக் கொட்டுனா இன்னும் கொஞ்சம்.

சரி, இது உடம்புக்குள்ள போயி என்னதான் செய்யுது? எனக்குப் பிடிச்ச இடமே இதுதான். மாங்கா பறிக்கத் தொரட்டி வச்சிருப்போம்லா, நீளக் கம்பு, நுனியில கொக்கி. பாண்டோதெனிக் ஆசிட்தான் அந்தக் கம்பு, உடம்பு அதோட நுனியில கந்தகம் உள்ள ஒரு துண்டைச் சேத்துக் கொக்கியாக்கிடும், மறுமுனையில கைப்பிடி மாதிரி வேற ஒரு மூலக்கூறு. இந்த முழுத் தொரட்டிக்குப் பேரு கோஎன்சைம் ஏ. சோத்துல வந்த மாவுச்சத்தோ மீன்ல வந்த கொழுப்போ, உடம்பு அதை உடைச்சு 2 கார்பன் துண்டாக்கி இந்தக் கொக்கியில மாட்டித்தான் எரிக்கிற இடத்துக்குக் குடுக்கும். கந்தகம் பிடிக்கவும் பிடிக்கும், கேட்ட உடனே விடவும் விடும், அதுதான் சூட்சுமம்.

கொழுப்பைக் கட்டுறதும் இதே கம்பு, இதே கொக்கிதான், கைப்பிடி மட்டும் ஒரு புரதம். சுமார் 2 நானோமீட்டர் நீளம், வளர்ற கார்பன் சங்கிலியை நுனியில தொங்க விட்டுக்கிட்டு ஒரு நொதிகிட்ட (என்சைம்) ஆடிப் போகும், ஹைட்ரஜன் வாங்கும், அடுத்ததுகிட்ட போயி தண்ணியைக் கழட்டும், திரும்ப ஹைட்ரஜன், நடுவுல சரக்கைக் கீழ விடவே விடாது. ஒவ்வொரு சுத்துக்கும் 3 கார்பன் வரும், ஒண்ணு கார்பன் டை ஆக்சைடா பறந்துடும், மிச்சம் ரெண்டு ஒட்டிக்கும். 2-ல ஆரம்பிச்சு 7 சுத்து சுத்துனா 16, நம்ம உடம்பு செய்யுற பால்மிடிக் ஆசிட். தென்னை மரத்துலயும் இதே தொரட்டிதான், ஆனா தேங்காய்க்குள்ள 5 சுத்து முடிஞ்சு 12 ஆனதும் ஒரு நொதி வந்து பெரும்பாலும் அறுத்து விட்டுடும். அதுதான் லாரிக் ஆசிட், தேங்காயெண்ணெய்ல பாதி கிட்ட அதுதான். மார்கழிக் காலையில குப்பிக்குள்ள வெள்ளையா உறைஞ்சு கிடக்கும்லா, அதை இனிமே பாக்கும்போது தொரட்டியையும் நெனச்சுக்கோங்க. தென்னை பி5-ஐ தானே செஞ்சுக்கும், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, தின்னுதான் ஆகணும்.

இந்த கோஎன்சைமைக் கண்டுபிடிச்ச ஃபிரிட்ஸ் லிப்மன், புறா ஈரலை அரைச்சு அதுல சல்ஃபா மருந்து எப்படி மாறுதுன்னு பாத்துக்கிட்டு இருந்த ஆளு. 1953-ல நோபல் பரிசு. இன்னைக்கு 'புறா ஈரல் அரைக்கணும், காசு குடுங்க'ன்னு எழுதிப் போட்டா, இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்னு கேட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

நரைக்கு பி5 மாத்திரை விக்கிறாங்களே, அந்தப் பேச்சும் கால் எரிச்சல் மாதிரி ஒரு ஆராய்ச்சியில இருந்து கிளம்புனதுதான், பி5 இல்லாம வளத்த கறுப்பு எலிக்கு முடி வெளுத்துது, அதுக்காக மாத்திரை போட்டா நம்ம நரை கறுக்காது.

அக்கா, மூணு நேரம் ஒழுங்கா சாப்பிடுற ஆளுக்கு பி5 மட்டும் தனியா குறையுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். கால் எரியுதுன்னா முதல்ல வெறும் வயித்துல சுகர் பாருங்க, கூடவே பி12-ம் பாருங்க. எங்க சித்திக்கும் ரெண்டு வருஷம் எரிஞ்சுது, தைலமா தேச்சோம், கடைசில டெஸ்ட் எடுத்தா சுகர் 280.