“சொந்தக் காரணங்களுக்காக” என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

“மேடம், எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க, நானும் போட்டுட்டனுங்க.”

அன்னூரிலிருந்து சரவணம்பட்டிக்கு ஆறு வருடம் கம்பெனி வேனில் போய் வந்த பெண். ஒரு வங்கியின் கால் சென்டரில் வேலை. மொபைல் ஆப்பும் சாட்பாட்டும் வந்த பிறகு அழைப்புகள் குறைந்துவிட்டன என்று மையத்தையே மூடிவிட்டார்கள். மூடியது வங்கி. ஆனால் அவர் நீட்டிய நகலில், “சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன்” என்று இருந்தது. நாள் முழுக்க கார்டு வாங்கினவர்களுக்கு விதிமுறைகளை வரிவரியாக வாசித்துச் சொன்னவர், தன் காகிதத்தை வாசிக்கவில்லை. எனக்குத் திட்ட மனசு வரவில்லை. ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, “இப்பவே போட்டாத்தான் அனுபவச் சான்றிதழ்” என்றால் யார்தான் நிதானமாகப் படிப்பார்கள்?

அந்த ஒரு வரி பெரிய தொகையைத் தின்றுவிடும். நிறுவனம் மூடி வேலை போனால், ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் உண்டு. அதோடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. 1947 தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது இது. அதன் இடத்துக்கு வந்த 2020 தொழில் உறவுகள் தொகுப்பிலும் இருக்கிறது. தானாக விலகினவருக்குக் கிடையாது. “நான் டீம் லீடராச்சே, தொழிலாளி இல்லையே” என்று தயங்குகிறவர்களுக்கு: நீதிமன்றம் பார்ப்பது பதவியின் பெயரை அல்ல, நீங்கள் செய்த வேலையை.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வேறு கணக்கு. ராஜினாமா செய்தாலும் உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,800 என்றால், 26-ஆல் வகுத்து நாளுக்கு 800. வருடத்துக்கு 15 நாள் கணக்கில் 12,000. ஆறு வருடத்துக்கு 72,000. கிராஜுவிட்டிக்கு வேண்டிய ஐந்து வருடம் நிறையவில்லையா? ஐந்தாம் ஆண்டில் 240 நாள் முடித்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்புறம் பி.எஃப்.: பத்து வருட சேவை சேர்ந்தால்தான் மாத பென்ஷன், அவசரப்பட்டு மொத்தமாக எடுக்க வேண்டாம்.

சரி, போட்ட கையெழுத்தை என்ன செய்வது? அலுவலக லாகினை அன்றே பூட்டிவிட்டதால், சொந்த மெயிலிலிருந்தே எழுதச் சொன்னேன்: மையத்தை மூடுவதாகச் சொல்லி வாங்கிய கையெழுத்து, நானாக விலகவில்லை. மூடுவதைப் பற்றி வாட்ஸ்ஆப் குழுவில் வந்த தகவல்களையும் சம்பளச் சீட்டுகளையும் சேமித்துக்கொண்டோம்.

மறுவாரம் அதே வேனில் வந்த ஒன்பது பேர் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அதில் இரண்டு பேர் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.