பாதி விலைக்கு கோ-ஆப் வீடு வருதா? உள்ள யாரு இருக்காங்கன்னு பாருங்க

நான் நியூயார்க் குயின்ஸ்ல டாக்ஸ் பாக்குற ஆளு. மார்ச் மாசம் ஆச்சுன்னா பாதி பேரு பேப்பர்ஸோட ஒரு கேள்வியும் கொண்டு வருவாங்க. "சார், ஃபாரஸ்ட் ஹில்ஸ்ல ஒரு கோ-ஆப் வருது, உள்ள டெனன்ட் இருக்காங்களாம், காலி வீட்டு விலையில பாதிதான், வாங்கிப் போடலாமா?"

பாதி விலைக்கு ஏன் தராங்கன்னு யாரும் கேக்கறதில்ல. நியூயார்க்ல 80கள்ல நிறைய வாடகை பில்டிங்க கோ-ஆப்பா, அதாவது பில்டிங் மொத்தமும் ஒரு கம்பெனி பேர்ல இருக்குற மாதிரி, மாத்துனாங்க, அப்ப தன் வீட்ட வாங்காம வாடகையிலயே இருந்தவங்கள வெளிய அனுப்ப முடியாதுங்கிற பிளான்லதான் பெரும்பாலும் மாத்துனாங்க. நீங்க வாங்குறது அந்த கம்பெனியோட ஷேரும் ஒரு லீஸும்தான், கூடவே அந்த டெனன்டும் உங்க கைக்கு வராங்க. லீஸ் முடிஞ்சா ரின்யூ பண்ணியே ஆகணும், நானே குடிவரப் போறேன்னு சொன்னாலும் செல்லாது. அவங்களா காலி பண்ணிட்டா வீடு ரென்ட் ஸ்டெபிலைசேஷன்ல, அதாவது வாடகைக் கட்டுப்பாட்டுல, இருந்து வெளிய வந்துடும், மொத்த சூதாட்டமும் அதுக்குத்தான். கேக்க நல்லாவே இல்ல, ஆனா உள்ளது அதுதான்.

நம்ம கிளையன்ட் ஒருத்தர், ஐடி, 2016ல வாங்குனார். வர்ற வாடகை 1,120 டாலர், கோ-ஆப்புக்கு மாசாமாசம் கட்டுற மெயின்டனன்ஸ் 1,430. மாசம் 310 கையில இருந்து போகும், "பரவால்ல சார், உள்ள வாடகைக்கு இருக்குற அம்மாவுக்கு 74 வயசு"ன்னார். நானும் வீடு பாக்க சும்மா கூடப் போனேன். அவர் தரைய தட்டிப் பாக்குறார், ஜன்னல திறந்து பாக்குறார், நான் பாத்ரூம் பக்கம் போனா கம்பியில ரெண்டு செட் நர்ஸ் யூனிஃபார்ம் காஞ்சிட்டு இருக்கு. இது யாருதுன்னு கேளுங்கன்னு அவர் காதுல சொன்னேன். கேக்கல.

அந்தம்மாவோட பொண்ணோடது. வாடகைதாரர் இறந்தாலோ காலி பண்ணாலோ, அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் அதே வீட்ல கூட இருந்த குடும்பத்து ஆளு, 62 வயசு தாண்டினவங்களோ உடல் ஊனமுள்ளவங்களோன்னா ஒரு வருஷமே போதும், அதே வாடகையில தொடரலாம். அந்தம்மா போய்ட்டாங்க. பொண்ணுக்கு இப்ப 46.

வாடகைய நீங்களா ஏத்தவும் முடியாது, வருஷா வருஷம் ரென்ட் கைட்லைன்ஸ் போர்டு எவ்ளோ சொல்லுதோ அவ்ளோதான். 2024 அக்டோபர்ல தொடங்குன ஒரு வருஷ லீஸுக்கு 2.75%. இவர் வாங்குன வருஷம் ஒரு வருஷ லீஸுக்கு சுத்தமா 0%. மெயின்டனன்ஸுக்கு அப்படி எந்த கட்டும் கிடையாது, கோ-ஆப் போர்டு கூடி 7% ஏத்துனா மாசம் 100 டாலர் கூடுதல், கட்டித்தான் ஆகணும்.

நஷ்டத்த டாக்ஸ்ல கழிச்சிக்கலாம்னு யாரோ சொல்லியிருப்பாங்க. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து ஃபைல் பண்றப்ப வருமானம் 1,50,000 டாலர் தாண்டிட்டா வாடகை நஷ்டத்த சம்பளத்துல கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டே போகணும். ரெண்டு பேரும் ஐடின்னா எப்பவோ தாண்டியிருப்பீங்க.

வாங்கித்தான் ஆகணும்னா டெனன்ட்டோட வயச மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க, வீட்ல வேற யாரு எத்தன வருஷமா இருக்காங்கன்னும் கேளுங்க. பழைய லீஸ், கன்வர்ஷன் பிளான், ரெண்டையும் வக்கீல்கிட்ட குடுத்துப் பாக்கச் சொல்லுங்க. கடனையும் நம்பாதீங்க, டெனன்ட் உள்ள இருக்குற கோ-ஆப்னா பல பேங்க் வேணாம்னுடும்.

அவர் இந்த மார்ச்லயும் வந்தார். வாடகை நஷ்டத்த காட்டுற 8582 டாக்ஸ் ஃபார்ம்ல அந்த தள்ளுன நஷ்டம் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்துச்சு. பாத்துட்டு, "பொண்ணுக்கு கல்யாணம் ஆயிடுச்சா சார்"ன்னு என்னைக் கேக்குறார்.