ஈக்வலைசர்: சொல்லும் சுற்றும்

கிட்டார் வாசிப்பவர்கள் ‘ஈக்யூ பெடல்’ என்று சுருக்கிச் சொல்வதன் முழுப்பெயர் கிராஃபிக் ஈக்வலைசர். உள்ளங்கையளவுப் பெட்டி, அதன் முகத்தில் வரிசையாக ஸ்லைடர்கள், காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். ‘ஈக்வல்’ என்றால் சமம். ஆனால் இதை வாங்குகிற யாரும் எதையும் சமமாக்க வாங்குவதில்லை. தனி வாசிக்கும்போது நடு ஒலியைத் தூக்குவார்கள், அடி ஒலி குழம்பினால் குறைப்பார்கள். ஏற்ற இறக்கம் உண்டாக்கும் கருவிக்குச் சமன் என்று பெயர் வந்தது எப்படி?

மூலம் லத்தீனில் இருக்கிறது. ‘ஐக்வுஸ்’ என்றால் மட்டமானது, ஒத்தது. மின்னியலுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தது தொலைபேசி. நீண்ட கம்பியில் பேச்சு போகும்போது கீழ் அதிர்வெண்களைவிட மேல் அதிர்வெண்களே அதிகம் தேயும். மறுமுனையில் கேட்பவருக்குப் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கும். தேய்ந்த பகுதியை மீட்டு, எல்லா அதிர்வெண்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரக் கம்பியின் முனையில் ஒரு மின்சுற்றைச் சேர்த்தார்கள். அதுதான் ஈக்வலைசர். அந்த இடத்தில் பெயர் முழுக்கப் பொருந்தியது. பிறகு அதே வகைச் சுற்று ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் மேடைக்கும் வந்தபோது வேலை மாறிவிட்டது, பெயர் மாறவில்லை.

‘கிராஃபிக்’ என்ற அடைமொழி கிரேக்கத்தின் ‘கிராஃபைன்’, அதாவது எழுது, வரை என்ற வினையிலிருந்து வந்தது. பெட்டிக்குள் வரைபடம் காட்டும் திரை ஏதும் கிடையாது. ஸ்லைடர்களின் தலைகளை ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள்: எந்த அதிர்வெண் எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதன் படம் அதுவே. 1981-இல் வந்த பாஸ் ஜிஇ-7 இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. 100, 200, 400, 800, 1600, 3200, 6400 ஹெர்ட்ஸ் என்று ஏழு பட்டைகள், அதாவது அதிர்வெண் பகுதிகள். ஒவ்வொன்றும் முந்தையதன் இரு மடங்கு, இசை மொழியில் ஒரு ஸ்தாயி. ஒவ்வொரு ஸ்லைடரும் 15 டெசிபல் ஏற்றும், 15 டெசிபல் இறக்கும். மின்னழுத்தத்தில் பார்த்தால் 15 டெசிபல் என்பது ஏறக்குறைய 5.6 மடங்கு. சின்னத் தள்ளலுக்கே கிட்டாரின் குரல் மாறிவிடுவது இதனால்தான்.

இனி தமிழுக்கு வருவோம். சமன்படுத்தி, சமநிலைப்படுத்தி, சமனாக்கி, சமனி என்று பல வடிவங்களைக் கேட்டிருக்கிறேன். ‘சமநிலைப்படுத்தி’ நீளம், பெட்டியின் முகத்தில் அச்சிட இடமிருக்காது. ‘சமனி’ கையடக்கமாக இருந்தாலும் அதில் வினை இல்லை. தேக்கு என்ற வினையிலிருந்து தேக்கி, பெருக்கு என்பதிலிருந்து பெருக்கி வருவதுபோல, ஆக்கு என்ற வினையிலிருந்து வரும் ‘சமனாக்கி’ இலக்கணப்படி உறுதியாக நிற்கிறது. ‘நிரவி’ என்ற வடிவமும் எனக்குப் பிடிக்கும். மேடு பள்ளத்தை நிரவுவது நம் வழக்கில் இருக்கிற நல்ல சொல், தொலைபேசிக் கம்பிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஆனால் கிட்டார்க்காரர் மேட்டை நிரவுவதில்லை, புதிதாக மேடு கட்டுகிறார்.

‘சமன்’ வடமொழித் தொடர்புள்ள சொல் என்று சிலர் ஒதுக்குவார்கள். திருக்குறளின் 118-ஆம் குறள் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்றே தொடங்குகிறது. இத்தனை காலம் புழங்கிய சொல்லை விட மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்தத் துலாக்கோல்தான் இந்தச் சுற்றின் உள்ளே இருக்கிறது.

நடுவில் ஓர் ஆப்-ஆம்ப், தமிழில் செயல்பாட்டுப் பெருக்கி: சிக்னலைப் பெரிதாக்கும் சிப். அதற்கு பிளஸ், மைனஸ் என இரண்டு உள்ளீடுகள். எல்லா ஸ்லைடர்களின் ஒரு முனையும் பிளஸ் பக்கத்தில் சேர்ந்திருக்கும், மறுமுனை மைனஸ் பக்கத்தில். ஸ்லைடரின் நகரும் கால், தன் பட்டையின் அதிர்வெண்ணுக்கு மட்டும் வழிவிடும் ஒரு பாதை மூலம் கிரவுண்டுக்கு, அதாவது சுற்றின் சுழி வோல்ட் புள்ளிக்குப் போகிறது. பிடியைக் கீழே இழுத்தால் பாதை பிளஸ் பக்கம் நெருங்கி, உள்ளே வரும் சிக்னலில் அந்தப் பட்டையை வடித்துவிடுகிறது, ஒலி குறைகிறது. மேலே தள்ளினால் வெளியீட்டிலிருந்து மைனஸ் பக்கத்துக்குத் திரும்பிவரும் பின்னூட்டத்தில் அதே பட்டையை வடிக்கிறது, பெருக்கம் கூடுகிறது. நடுவில் நின்றால் இரு பக்கமும் ஒரே அளவு வடியும், விளைவு சுழி. அதே குறள் சொல்லும், ஒரு பக்கமும் சாயாத, ‘ஒருபால் கோடாத’ கோல்! ‘சமனாக்கி’ என்ற பெயர் கருவியின் வேலைக்குப் பொருந்தாவிட்டாலும் அதன் நடுநிலைக்கு அச்சாகப் பொருந்துகிறது.

அந்த ‘வழிவிடும் பாதை’க்கு ஒரு மின்தூண்டியும் (கம்பிச் சுருள்) ஒரு மின்தேக்கியும் வேண்டும். 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியோடு 100 ஹெர்ட்ஸில் ஒத்ததிர 2.5 ஹென்றி அளவு சுருள் தேவை. இரும்பு உள்ளகத்தோடு அவ்வளவு பெரிய சுருளை ஒவ்வொரு கீழ்ப் பட்டைக்கும் எங்கே வைப்பது? அதற்காக ஓர் ஆப்-ஆம்ப், இரண்டு மின்தடைகள், இன்னொரு சிறு மின்தேக்கி ஆகியவற்றை வைத்துச் சுருள்போல நடந்துகொள்ளச் செய்கிறார்கள். இதன் பெயர் ஜைரேட்டர். 1948-இல் பிலிப்ஸ் ஆய்வாளர் டெல்லகன் வைத்த பெயர் அது. இரு மின்தடைகளையும் மின்தேக்கியையும் பெருக்கினால் தூண்டல் கிடைக்கும்: 470 ஓம், 1 லட்சம் ஓம், 0.047 மைக்ரோஃபாரட் சேர்ந்தால் சுமார் 2.2 ஹென்றி. இதை ‘சுழற்றி’ என்று பெயர்த்தால் மோட்டாரோ என்று தோன்றும். ‘போலித்தூண்டி’ என்பேன். ஏமாற்று என்ற பொருளில் இல்லை, ஒன்றின் இடத்தில் நின்று அதன் வேலையைச் செய்வது என்று இலக்கணத்தில் ‘எழுத்துப்போலி’ சொல்கிறோமே, அந்தப் பொருளில்.

துலாக்கோல் என்ற படம் மனத்தில் இருந்தால் பழுது பார்ப்பது எளிதாகிறது. நண்பர் ஒருவரின் பெட்டியில் 800 ஹெர்ட்ஸ் ஸ்லைடர் மேலே போனால் ஒலி ஏறியது. நடுவில் நிறுத்தினாலும் லேசாகத் தூக்கல், மூக்கால் பேசுவதுபோல. கீழ்க்கோடிக்கு இழுத்தால் ஏறக்குறையச் சமநிலை வந்தது, அதற்குமேல் இறங்க மறுத்தது. ஏற்றம் வேலை செய்வதால் போலித்தூண்டியும் மின்தேக்கியும் நலம். ஒரு தட்டின் கயிறுதான் அறுந்திருக்க வேண்டும், அதுவும் பிளஸ் பக்கத்துக் கயிறு. மின்சாரத்தைத் துண்டித்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த ஸ்லைடரின் பிளஸ் பக்கக் காலிலும், மறுமுனையைப் பக்கத்து ஸ்லைடரின் அதே பக்கக் காலிலும் வைத்தேன். பீப் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி முடியளவு வளையம்: டிரை சால்டர், அதாவது பற்றாத ஈய இணைப்பு. ஸ்லைடரைக் காலம்பூராவும் தள்ளி இழுத்ததில் கால் அசைந்து பற்று விட்டிருந்தது.

ஒரு பட்டை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்றால் சந்தேகம் நகரும் காலின் பக்கம் திரும்ப வேண்டும். அங்கே பற்று சரியாக இருந்தால் அந்தப் பட்டையின் ஆப்-ஆம்ப். பட்டை வேலை செய்கிறது, ஆனால் தவறான இடத்தில் ஒலிக்கிறது என்றால் மின்தேக்கி வற்றியிருக்கும். அதன் அளவு கால்பங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும். கரகரப்புக்கு கன்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் போதும். எல்லாப் பட்டைகளும் ஒன்றாகக் கெட்டால் முதலில் பாதி மின்னழுத்தத்தைப் பாருங்கள்: 9 வோல்ட்டை இரு சம மின்தடைகள் பகிர்ந்து 4.5 ஆக்கும், ஆப்-ஆம்ப்களின் வெளியீட்டுக் கால்களில் அதை ஒட்டிய அளவு இருக்க வேண்டும். இங்கேயும் ஒரு சமன்.

முழுப் பெயராக ‘வரைசமனாக்கி’ என்று எழுதுகிறேன். வரைகின்ற சமனாக்கி என்ற வினைத்தொகை, எனவே நடுவில் ஒற்று மிகாது. ‘வரை’க்கு மலை என்ற பொருளும் இருப்பதால் ஏறி இறங்கும் ஸ்லைடர் வரிசைக்கு அது கூடுதல் அழகு. பெடலுக்கு மிதிவண்டியில் ஏற்கெனவே இருக்கும் ‘மிதி’ போதும்.

நண்பரின் மிதியில் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகச் சால்டர் வைத்தேன். எல்லா ஸ்லைடர்களையும் நடுவில் நிறுத்தி ஒரு தந்தியை மீட்டிக்கொண்டே சுவிட்சை மிதித்தேன், மறுபடி மிதித்தேன். விளக்கு எரிந்தது, அணைந்தது. ஒலியில் வேறுபாடே இல்லை.